நம் பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

ஆண்டுதோறும் கோடை முடியும் தறுவாயில் நம் அங்கத்தினர் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதே அது. ஜலகண்டாபுரத்துத் தறி வீடுகளிலும், சுற்றுப்புறத்து மரவள்ளி, நிலக்கடலைக் கொல்லைகளை நம்பி வாழும் குடும்பங்களிலும் இக்கேள்வி எழாத வீடு அரிது.

சென்ற தலைமுறையில் கேள்வி வேறாக இருந்தது. பிள்ளை பள்ளிக்குச் செல்வதா, தறிக்குழிக்கு அருகில் அமர்ந்து தார் சுற்றுவதா என்பதே அன்றைய கேள்வி. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் அக்கேள்விக்கு முற்றுப்புள்ளி வைத்தன. இன்று எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்கின்றனர். அது மகிழத்தக்கதே. ஆயினும், அந்தப் பள்ளி நல்ல பள்ளியா என்று ஆராயும் பொறுப்பு இப்பொழுது பெற்றோர் தலையில் விழுந்திருக்கிறது.

இப்பொறுப்பு எளியதன்று. சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் நாம் ஒன்றைக் கண்டு வருகிறோம். விதைக்கும் உரத்துக்கும் நூலுக்கும் கடன் வாங்குவோரோடு, பள்ளிக் கட்டணம் செலுத்துவதற்கென்றே நகையை அடகு வைப்போரும் சேர்ந்துவிட்டனர். ஒரு குடும்பம் ஒரு பிள்ளைக்குக் கட்டணம், வாகனம், சீருடை ஆகியவற்றுக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 40,000 செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது ரூ. 9,60,000 ஆகும், வட்டி இதில் சேரவில்லை. கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்கு இது வாழ்நாள் சேமிப்பினும் மிகுதி. இவ்வளவு பெருந்தொகையைக் கொடுத்து நாம் பெறுவது யாது என்று எண்ணிப் பார்த்தல் அறிவுடைமையன்றோ?

புறத்தோற்றமும் உட்சத்தும்

மரவள்ளிக் கிழங்கை ஆலைக்கு விற்கும் அன்பர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். கிழங்கு பருமனாகவும் தோல் பளபளப்பாகவும் இருப்பதைக் கொண்டு மட்டும் விலை அமைவதில்லை. அதிலுள்ள மாவுச்சத்தின் புள்ளியை அளந்த பின்னரே விலை பேசப்படுகிறது. நெசவாளரும் அவ்வாறே. நூலை வாங்கும்போது நம்பரும் முறுக்கும் சரியாக உள்ளனவா, சாயம் தண்ணீரில் நிற்குமா என்று பார்க்கின்றோமேயன்றி, கட்டின் மேல் ஒட்டியுள்ள படத்தைப் பார்த்து வாங்குவதில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கையில் மட்டும் நாம் மேலட்டையைப் பார்த்து மயங்குகிறோம். உயர்ந்த கட்டடம், கழுத்துப்பட்டையுடன் கூடிய சீருடை, வாயிற்படிக்கு வந்து நிற்கும் மஞ்சள் வாகனம், முதல் மதிப்பெண் பெற்ற மாணவர் படங்கள் அடங்கிய பெரிய விளம்பரப் பலகை ஆகியவற்றைக் கண்டு முடிவு செய்துவிடுகிறோம். இவை தீயன என்று நாம் கூறவில்லை. இவற்றுள் எதுவும் பிள்ளை எழுத்தறிந்து எண்ணறிந்து வளர்வதற்குச் சான்றாகாது என்றே கூறுகிறோம்.

நாமக்கல் தரும் பாடம்

இதற்கு நம் அண்டை மாவட்டமே சான்று. தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பெற்று, 2007-08ஆம் கல்வியாண்டு முதல் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையாயிற்று. கோழிப் பண்ணைக்கும் லாரித் தொழிலுக்கும் பெயர் பெற்ற நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பகுதிகளில் விடுதியுடன் கூடிய தனியார் பள்ளிகள் புகழ் பெற்றன. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை இங்குக் கொணர்ந்து சேர்த்தனர். மதிப்பெண்களும் குவிந்தன.

அம்மதிப்பெண்கள் எவ்வாறு வந்தன? பல பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டுகள் திரும்பத் திரும்பப் பயிற்றினர். பொதுத்தேர்வு பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டுமே இருந்தமையால் இது இயன்றது. கல்லூரி சென்ற பின்னர், பதினோராம் வகுப்பு அடிப்படையின்றி அம்மாணவர் பலர் இடர்ப்பட்டனர். இந்நிலையை மாற்றவே 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2017ஆம் ஆண்டிலேயே மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவரின் பெயரை வெளியிடும் வழக்கமும் கைவிடப்பட்டது. அதே ஆண்டு மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமானபோது, மேல்நிலை மதிப்பெண்ணின் மதிப்பே மாறிவிட்டது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு பின்னர் 2025ஆம் ஆண்டு வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி நீக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து அங்கத்தினர் அறியத்தக்கது யாதெனில், ஒரு பள்ளியின் தேர்வு முடிவு அப்பள்ளி எவ்வாறு கற்பிக்கிறது என்பதை எப்பொழுதும் காட்டாது என்பதே. நன்கு படிப்போரை மட்டும் தெரிந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியிலும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி வரும். எத்தகைய பிள்ளையையும் ஏற்றுக்கொண்டு நூற்றுக்குத் தொண்ணூறு பேரைத் தேர்ச்சியுறச் செய்யும் பள்ளி அதனினும் சிறந்ததாக இருக்கக்கூடும். வந்து சேர்ந்த நூல் எத்தகையது என்று அறியாமல் நெய்தவன் திறமையை அளத்தல் எங்ஙனம்?

பாடநூல் ஒன்றே

பெற்றோர் பலர் அறியாத செய்தி இன்னொன்று உண்டு. மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு வேறு பாடத்திட்டம், அரசுப் பள்ளிக்கு வேறு பாடத்திட்டம் என்றிருந்த நிலை போய்விட்டது. 2010ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டத்தின்படி அவ்வாண்டு ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கும், 2011ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பின் பின்னர் மற்ற வகுப்புகளுக்கும் பொதுப் பாடத்திட்டம் வந்தது. ஆகவே பத்தாம் வகுப்பு வரை நம் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளிப் பிள்ளைக்கும் மாநிலப் பாடத்திட்டம் ஒன்றே. வேறுபாடு கற்பிக்கும் மொழியிலும் கற்பிக்கும் முறையிலுமே உள்ளது.

தனியார் பள்ளி என்பதாலேயே கல்வி சிறக்குமா என்பதை ஆந்திரப் பிரதேசத்தில் 2008ஆம் ஆண்டு முதல் சோதித்துப் பார்த்தனர். 180 கிராமங்களில், விருப்பமுள்ள குடும்பங்களிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் விழுந்த பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தை வழங்கினர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் இரு சாராரையும் தேர்வு செய்தபோது, தெலுங்கிலும் கணக்கிலும் வேறுபாடு காணப்படவில்லை. தனியார் பள்ளியிற் படித்தோர் இந்தியில் மட்டும் மேம்பட்டிருந்தனர். அங்கு அதற்கு நேரம் ஒதுக்கிக் கற்பித்ததே காரணம். தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு அரசுப் பள்ளியின் செலவில் மூன்றிலொரு பங்கினும் குறைவு என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும். எனவே இரு வகைப் பள்ளிகளிலும் நல்லனவும் உள்ளன, குறையுடையனவும் உள்ளன. பெயர்ப் பலகையைக் கொண்டு முடிவு செய்யாமல், அந்த அந்தப் பள்ளியை நேரிற் சென்று பார்ப்பதே முறை.

பார்க்க வேண்டியவை

முதலாவது, ஆசிரியர். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. பிள்ளைகள் எண்ணிக்கை 60க்குள் இருந்தாலும் தொடக்கப் பள்ளியில் இரு ஆசிரியர் இருத்தல் வேண்டும். அரசுப் பள்ளியாயின், இருவர் மட்டுமே இருந்து ஐந்து வகுப்புகளையும் நடத்துகின்றனரா, அவர்களுள் ஒருவர் அடிக்கடி வேறு பணிக்கு அனுப்பப்படுகின்றனரா என்று கேட்க. தனியார் பள்ளியாயின், ஆசிரியர் பயிற்சி பெற்றவரா, ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கின்றனரா என்று கேட்க. ஆண்டொன்றில் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகள் 200 நாட்களும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 220 நாட்களும் நடைபெற வேண்டும் என்பதும் சட்டம்.

இரண்டாவது, பிள்ளைகளின் கற்றல். இதனை அறிய நாம் பட்டதாரியாக இருக்க வேண்டுவதில்லை. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வில் கையாளும் முறை எவர்க்கும் எளிது. முதலில் எழுத்துகளைக் காட்டுக. பின்னர்ச் சிறு சொற்கள். அதன்பின் ஒன்றாம் வகுப்பு அளவில் நான்கு வரிகள். இறுதியில் இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அதுவே அதன் வாசிப்பு நிலை. கணக்கிலும் அவ்வாறே எண்ணறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் என்று படிகள் உள்ளன. நாம் சேர்க்க எண்ணும் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் நால்வரை அழைத்து, இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்கச் சொல்லிக் கேட்போம். பத்து நிமிடத்தில் விளம்பரப் பலகை சொல்லாத உண்மை தெரிந்துவிடும். பிள்ளையைக் கடிந்துகொள்ளாது அன்போடு கேட்க வேண்டும் என்பதை மறவற்க.

மூன்றாவது, பாதுகாப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நேர்ந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். கீற்றுக் கூரையும், குறுகிய படிக்கட்டும், ஒரே கட்டடத்தில் பல பள்ளிகளின் பிள்ளைகளை அடைத்து வைத்தமையுமே அக்கொடுமைக்குக் காரணமாயின. 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிர் நீத்தாள்; அவ்வாண்டே பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆகவே கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கான சான்றுகள் உளவா என்று கேட்டலும், கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தலும், வாகனத்தில் உதவியாளர் இருக்கின்றாரா என்று அறிதலும் மிகையல்ல. பெண் குழந்தைகள் பாதியில் படிப்பை நிறுத்தாதிருக்கக் கழிவறை எத்துணை இன்றியமையாதது என்பதைத் தாய்மார் அறிவர்.

நான்காவது, கட்டணம். தனியார் பள்ளிகள் எவ்வளவு கட்டணம் பெறலாம் என்பதை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டண நிர்ணயக் குழு தீர்மானிக்கிறது. குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டறிந்து, செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் இரசீது பெறுக. நன்கொடை என்ற பெயரில் தலைக்கட்டணம் பெறுதலும், சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுதலும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி குற்றமாகும். தலைக்கட்டணம் பெற்றால் அதனைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கங்கொண்ட 'யுடைஸ்' எண் உண்டு. அதனைக் கொண்டு ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை முதலிய விவரங்களை இணையத்தில் பார்க்கலாம். வீட்டில் கைபேசி வைத்திருக்கும் இளைஞர் இவ்வுதவியைச் செய்வர்.

மொழியும் பிற்கால உரிமைகளும்

ஆங்கிலம் தெரிந்தால் பிள்ளை உயரும் என்ற எண்ணமே பலரைக் கட்டணப் பள்ளிக்கு இழுக்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று எவரும் கூறார். ஆனால் ஆங்கிலத்தைக் கற்பது வேறு. எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்திலேயே கற்பது வேறு. நம் மாவட்டத்து நெசவாளர் இல்லங்கள் பலவற்றில் தெலுங்கோ கன்னடமோ பேசப்படுகிறது. அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தமிழே இரண்டாம் மொழி. ஆங்கில வழி என்றால் மூன்றாம் மொழியில் கணக்கையும் அறிவியலையும் கற்க வேண்டும். வீட்டில் உதவுவார் இல்லையெனில், பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்தலே மிஞ்சும். ஆங்கில வழிதான் வேண்டும் என்போர்க்கு 2012-13ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் அப்பிரிவுகள் தொடங்கப்பட்டுள்ளன என்பதும் நினைவிருக்கட்டும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நாம் சிந்திக்காத விளைவுகள் சில பத்தாண்டுகள் கழித்துத் தோன்றும். தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. பட்டப்படிப்பு மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் 2021இல் அது விரிவாக்கப்பட்டது. பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் படித்திருத்தல் இதற்கு நிபந்தனை. அவ்வாறு படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன. ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் வைத்திருந்து, ஆறாம் வகுப்பில் கடன் வாங்கி வேறு பள்ளிக்கு மாற்றும் தந்தை, இவ்வுரிமைகளையும் சேர்த்தே விலையாகக் கொடுக்கின்றார். அவர் மாற்றலாம், அது அவர் விருப்பம். தெரிந்தே மாற்றுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

தனியார் பள்ளியே தகுந்தது என்று கருதும் எளிய குடும்பத்துக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. சிறுபான்மையல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகள், நலிந்த பிரிவினர்க்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்க்கும் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அப்பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று, பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்திராத காரணத்தால் இவ்வாய்ப்பை இழக்கும் குடும்பங்கள் உண்டு. தறியிலிருந்து ஒரு நாள் எழுந்து சென்று இச்சான்றுகளைப் பெறுதல், பன்னிரண்டு மாத வட்டியினும் பெரிய இலாபம்.

சேர்த்த பின்னர்

பள்ளியைத் தேர்ந்தெடுத்ததோடு கடமை முடிந்துவிட்டது என்று கருதுதல் தவறு. கூட்டுறவாளராகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பங்குத் தொகையைச் செலுத்திவிட்டுப் பேரவைக் கூட்டத்துக்கே வாராத அங்கத்தினர், சங்கம் நன்கு நடக்கவில்லை என்று திண்ணையிலிருந்து குறை கூறுவதால் பயன் என்ன?

அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இக்குழுக்கள் மறுசீரமைக்கப்பட்டன. ஆசிரியர் பற்றாக்குறையையும், சுற்றுச்சுவர் இல்லாமையையும், குடிநீர்க் குறையையும் தீர்மானமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் உரிமை இக்குழுவுக்கு உண்டு. தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்ட குறைக்கு விடை கூறியாக வேண்டும். தேநீர்க் கடையில் பேசிய குறை காற்றோடு போய்விடும். படித்தவர் விலகிச் சென்றுவிட்டால் அரசுப் பள்ளியில் கேள்வி கேட்பார் இல்லாமற் போவர். எஞ்சியிருக்கும் பிள்ளைகள் எளிய வீட்டுப் பிள்ளைகளாகவே இருப்பர்.

பெற்றோர்க்கு உண்மை விவரம் தெரிந்தாலே பள்ளிகள் திருந்தும் என்பதற்கும் சான்று உண்டு. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 112 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில், பாதிக் கிராமங்களில் ஒவ்வொரு பிள்ளையின் தேர்ச்சியையும், ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளின் சராசரித் தேர்ச்சியையும் பெற்றோர்க்கு அட்டையாக அளித்தனர். அக்கிராமங்களில் பிள்ளைகளின் கற்றல் உயர்ந்தது. தனியார் பள்ளிக் கட்டணம் ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்தது. கட்டடம் எழுப்பவில்லை, வெளியிலிருந்து ஆசிரியரையும் கொணரவில்லை. ஊரார் கையில் உண்மை சேர்ந்தது, அவ்வளவே.

இதனை நம் சங்கங்களும் செய்யலாம். சங்கக் கூட்டம் முடிந்த பின் அரை மணி நேரம் ஒதுக்கி, நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளைப் பற்றி அங்கத்தினர் தாம் கண்டவற்றைக் கூறட்டும். எத்தனை ஆசிரியர், என்ன கட்டணம், எத்தனை பிள்ளைகள் கதையைத் தடையின்றிப் படிக்கின்றனர், கழிவறையில் தண்ணீர் உண்டா என்னும் நான்கு வினாக்களுக்கு ஒரே தாளில் விடை எழுதிச் சங்கத்தில் வைப்போம். எப்பள்ளியையும் இழித்துரைக்க வேண்டுவதில்லை. கண்டதை மட்டும் எழுதினால் போதும். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வரும் அங்கத்தினர் அத்தாளைப் பார்த்துத் தாமே முடிவு செய்வார்.

நூலைத் தனித்தனியே வாங்கி ஏமாந்த நெசவாளர் ஒன்று கூடியபோது கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. விளைச்சலைத் தனித்தனியே விற்று நட்டமுற்ற உழவர் ஒன்று கூடியபோது விற்பனைச் சங்கம் பிறந்தது. பிள்ளையின் கல்வியை மட்டும் ஒவ்வொருவரும் தனியே நின்று, அண்டை வீட்டாரைப் பார்த்தும் விளம்பரத்தைப் பார்த்தும் வாங்கிக்கொண்டிருக்கிறோம். வரும் சேர்க்கைப் பருவத்துக்கு முன்பாக ஒவ்வொரு சங்கமும் அந்தத் தாளை ஆயத்தம் செய்ய வேண்டுமென்று அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.